கால் அறியாத நெருப்பு

தெமோதரை ஸ்டேஷனிலிருந்து ரயில் பாதையைக் கடந்து மேலே ஏறினால், தேயிலை மலையின் நடுவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் இருக்கிறது. தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அங்கே ஒரு பணி உண்டு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் தொடங்கி, தேர் திரும்பி வரும் நாள் வரைக்கும் சந்நிதியில் நின்று பதிகம் பாடுவேன். இளவயது முதல் பூக்குழியும் இறங்கி வந்திருக்கிறேன். நெருப்பு சுடும் என்பது எங்களில் எவருக்கும் தெரியாததன்று. சுடுவதைப் பொறுத்துக்கொண்டு தாயின் பெயரைச் சொல்லி அக்கரை சேர்வதையே நாங்கள் நேர்த்தி என்கிறோம்.

அண்மையில் நடந்த ஒரு திருவிழாவில் நெருப்பு என்னைச் சுடவில்லை.

சவுக்குக் கட்டைகளை எரித்துத் தட்டிப் பரப்பிய கனல், மாலை வெளிச்சத்தில் செம்பருத்திப் பாத்தி போல் கிடந்தது. கரகம் சுமந்த பூசாரி முன்னே இறங்கி ஓட, மஞ்சள் துணி கட்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். என் முறை வந்தது. முதல் அடி வைத்தேன். ஈரப் புல்லின் மேல் மிதித்தது போல் இருந்தது. இரண்டாம் அடியிலும் அவ்வாறே. ஓட வேண்டிய இடத்தில் நான் நடந்தேன். அக்கரையில் வெட்டியிருந்த பால்குழியில் இறங்கி நின்றபோது என் கண்கள் பெருகின. ஒரு வாழ்நாள் முழுவதும் பாடிப் பாடிக் கேட்ட ஒன்றை, கேட்பதை நிறுத்திவிட்டிருந்த முதுமையில், அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று எண்ணினேன்.

பூசாரி ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். உரத்த குரலும் இளகிய மனமும் உள்ளவர்.

“மாஸ்டர், பாத்துக்கிட்டே இருந்தேன். பதுளை கடைத்தெருவுல நடக்கிற மாதிரி நடந்து வந்தீங்களே!”

“சுடல பூசாரி. கொஞ்சங்கூட சுடல.”

“ஆத்தா பூவா மாத்திட்டா மாஸ்டர். பூவா மாத்திட்டா!”

அதை அவர் ஒலிபெருக்கியிலும் சொன்னார். குலவை எழுந்தது. பெண்கள் சிலர் என் காலைத் தொட்டு வணங்கினார்கள். நான் கூசிப் பின்வாங்கினேன் என்று எழுத ஆசை. உண்மையில் நான் அசையாமல் நின்றேன். வீட்டில் பிரசாதத்தை இலையில் வைத்த என் மனைவி மட்டும், “நெருப்ப பூவா மாத்துனவ, இந்தப் பொங்கல்ல இருக்கிற சக்கரையையும் கொஞ்சம் மாத்திக் குடுத்திருக்கலாம். ஒங்களுக்கு சீனி வருத்தம் இருக்குங்கிறது அவளுக்கு மட்டும் தெரியாதாக்கும்” என்றாள். பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவள். மலையில் கங்காணியோடு வாதாடிப் பழகிய நாக்கு.

சில நாட்கள் கழிந்தன. ஒரு காலைப் பொழுதில் அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றாள்.

“ஏங்க, வீட்டுக்குள்ள எலி ஏதும் செத்துக் கெடக்கா?”

அடுப்படியைப் பார்த்தாள். விறகை நகர்த்திப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள். பிறகு நிமிர்ந்தவள், கட்டிலின் மேல் நீட்டியிருந்த என் வலது காலை நோக்கினாள். அவள் முகம் மாறியதை இப்போதும் என்னால் மறக்க இயலவில்லை. காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதத்தின் வெளிப்புறம், சிறுவிரலின் அடியிலிருந்து நடுப்பாதம் வரையில், தோல் கறுத்துச் சுருண்டு, அதன் கீழே சீழ் கட்டியிருந்தது. பாயில் கறை.

“இத வச்சிக்கிட்டா கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தீங்க?”

“வலிக்கலியே.”

அந்த ஒரு சொல்லையே நான் மருந்தாகக் கொண்டேன். வலிக்காத புண் பெரிய புண்ணாக இருக்க முடியாது என்பது என் கணிப்பு. அதிலும் அம்மன் கொடுத்த நெருப்பால் வந்த புண் எனக்குத் தீங்கு செய்யுமா? மஞ்சளை அரைத்து வைத்து அதன்மேல் திருநீறு இட்டேன். மனைவி ஹாலிஎல டவுனுக்குப் போய் ஒரு கடையில் கேட்டுக் கிருமி கொல்லும் மாத்திரை வாங்கி வந்தாள். இரண்டு நாள் விழுங்கினேன். நாற்றம் சற்றுக் குறைந்தது. போதும் என்று நிறுத்திவிட்டேன். அதற்கு முன்பும் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் அப்படித்தான் வாங்குவோம், அப்படித்தான் நிறுத்துவோம். எங்கள் வரிசைவீட்டு லயத்தில் எல்லா வீட்டிலும் அலுமாரித் தட்டில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று கிடக்கும்.

பிறகு குளிர்காய்ச்சல் வந்தது. கால் கணுக்கால் வரை வீங்கிச் சிவந்தது. மனைவி என்னை எதுவும் கேட்கவில்லை. ஒரு பையில் கட்டிக்கொள்ளச் சாரம், துடைக்கத் துவாய், என் மருந்துகள், கிளினிக் கொப்பி எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, “எந்திரிங்க. பஸ் வருது” என்றாள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே என் காலைப் பார்த்த டாக்டர், வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் இளம்பெண். மலைநாட்டுக் குளிருக்குப் பழகாமல் வெள்ளைச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். கட்டுப்போட்டிருந்த துணியை அவரே அவிழ்த்தார். நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பவில்லை.

“ஐயா, எத்தினை நாளாய் இந்தப் புண்? எப்பிடி வந்தது?”

“பூக்குழி எறங்கினேன் டாக்டரம்மா.”

“சுட்டிருக்குமே. அண்டைக்கே ஏன் வரேல்லை?”

“சுடலீங்க” என்றேன். என் குரலில் அப்போதும் ஒரு பெருமிதம் இருந்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கைப்பிடியை எடுத்தார். அதன் நுனியில் தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது. அதை முதலில் என் புறங்கையில் வைத்து, இழை வளையும் அளவுக்கு அழுத்தினார். எறும்பு ஊர்ந்தாற்போல் உணர்ந்தேன்.

“இது விளங்குதுதானே? இனிக் கண்ணை மூடுங்கோ. உங்கட ரெண்டு காலிலும் இதாலை தொடுவன். தொட்டது தெரிஞ்சவுடன ‘ஓம்’ எண்டு சொல்லுங்கோ.”

அவர்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். எனக்கோ அந்தச் சொல்லைச் சொல்லக் கசக்குமா? கண்களை மூடிக்கொண்டு சந்நிதியில் நிற்பவனைப் போல் காத்திருந்தேன். வார்டுக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுதது. என் மனைவி மூச்சை இழுத்து நிறுத்தியது கேட்டது. நெடுநேரம் ஆயிற்று. வேறு ஏதோ வேலை வந்து டாக்டர் தாமதிக்கிறார் போலும் என்று நினைத்தேன்.

“தொடங்குங்க டாக்டரம்மா” என்றேன்.

“முடிஞ்சுதய்யா” என்றார் அவர், மெல்லிய குரலில்.

கண்களைத் திறந்தேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் என் இடது காலில், புண்ணே இல்லாத நல்ல காலில், இழையை வைத்து என் கண்முன்னே அழுத்திக் காட்டினார். இழை வளைந்தது. தோல் குழிந்தது. அது வேறொருவருடைய கால் என்று சொன்னால் நம்பியிருப்பேன்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு பல ஆண்டுகளாக என் கால் நரம்புகளைச் சிறிது சிறிதாக அவித்துவிட்டது என்று விளக்கினார். முதலில் எரிவும் மதமதப்பும் வந்திருக்கும். பிறகு அவையும் அடங்கியிருக்கும் என்றார். உண்மைதான். எரிவு அடங்கியபோது நோய் குறைகிறது என்று மகிழ்ந்தவன் நான். மாதந்தவறாமல் கிளினிக் போய் இரத்தம் கொடுத்தேன், மாத்திரை வாங்கினேன். காலைப் பற்றி எவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கேட்க அஞ்சிய ஒன்றைக் கேட்டேன். “அப்ப, அம்மன் வரலீங்களா?”

பக்கத்தில் நின்ற தாதி சிரிப்பை அடக்கினாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“அம்மன் வந்தவவோ இல்லையோ எனக்குத் தெரியாது ஐயா. என்ர அம்மாவும் தீ மிதிக்கிறவ. வலி வரேல்லை. அது மட்டும் எனக்கு வடிவாத் தெரியும்.”

பிறகு அவர் செய்த செயலைச் சொல்ல வேண்டும். என் காலை இரு கைகளாலும் ஏந்தி, மேற்பாதத்தின் நடுவே இரண்டு விரல்களை வைத்துக் கண்களைத் தாழ்த்தினார். எதையோ உற்றுக் கேட்பவர் போல் இருந்தார். பிறகு கணுக்காலின் உட்புறத்தில் வைத்தார். முகம் மலர்ந்தது.

“நல்லா ஓடுது. கையைத் தாங்கோ ஐயா.”

என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அங்கே ஒரு துடிப்பு இருந்தது. சன்னமாக, இடையறாமல். கையில் நாடி பார்ப்பார்கள் என்பதை அறிவேன். காலிலும் ஒரு நாடி உண்டு என்பதை இந்த வயதில்தான் அறிந்தேன். ரத்தம் ஓடுகிற காலைக் காப்பாற்ற வழி உண்டு. ஓடாத காலுக்கு வழி குறைவு என்றார் அவர். என் உடல் சிலிர்த்தது. நான் கருவில் இருந்த நாள் முதல், என்னைக் கேளாமல், நான் நன்றி சொல்லாமல், இதயத்துக்கு அவ்வளவு தொலைவில் உள்ள அந்த மூலையில் யாரோ விளக்கை அணையாமல் வைத்திருந்தார்கள். திருவடி, திருவடி என்று இறைவனின் காலையே வாழ்நாளெல்லாம் பாடிய நான், எனக்கென்று தரப்பட்ட இந்த இரண்டு கால்களை ஒருமுறையேனும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

அன்று மாலையே வார்டில் சேர்த்தார்கள். சிவப்பு கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. டாக்டர் ஒரு பேனாவை எடுத்து, சிவந்த தோல் முடியும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். சத்திரசிகிச்சை செய்யும் பெரிய டாக்டர் வந்து பார்த்துச் சிங்களத்தில் சிலவற்றைச் சொன்னார். எனக்கு ஓரளவு புரிந்தது. புரியாதது போல் இருந்தேன். அவர் போன பின் இவர் என் மனைவியைக் கூப்பிட்டு, எங்கள் இருவரிடமும் ஒளிக்காமல் சொன்னார்.

“இந்தக் கோட்டுக்குக் கீழே சிவப்பு இறங்கினால், கெட்டுப்போன தசையை மட்டும் வெட்டிக் காலைக் காப்பாத்தலாம். கோட்டைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தால், உயிரைக் காப்பாத்த முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும்.”

மறுநாள் அந்த இளம் டாக்டரே அழுகிய தசையை வெட்டினார். கத்தியை எடுத்ததும், “மயக்க ஊசி போடலீங்களா?” என்று கேட்டேன்.

“தேவையில்லை ஐயா. அதுதானே பிரச்சினை.”

பார்க்க வேண்டாம் என்றார். நான் பார்த்தேன். என் தசையை ஒருவர் துண்டு துண்டாக நறுக்கி எடுக்கிறார். இரத்தம் கசியும் இடம் வரும் வரை நறுக்குகிறார். நானோ அடுத்த வீட்டில் காய் நறுக்குவதைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட அச்சம் தரும் ஒன்றை நான் கண்டதில்லை. இதைவிட வியப்புத் தரும் ஒன்றையும் கண்டதில்லை. நான் கற்ற பதிகங்களிலெல்லாம் அடியார்கள் வலியை நீக்கு என்றே கேட்டிருக்கிறார்கள். சூலை நீங்க வேண்டும், பிணி அகல வேண்டும், சுடுகின்ற வினை தணிய வேண்டும். வலியைத் தா என்று எவரும் பாடிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேளாமலே, பிறக்கும்போதே, உச்சி முதல் உள்ளங்கால் வரை மயிரிழை இடைவெளியும் விடாமல் அதைப் பரப்பி அனுப்பியிருக்கிறான் படைத்தவன். ஒரு முள் தைத்தால் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் காவல் அது. ஒரு குழந்தை சூடான சட்டியிலிருந்து கையை உதறிக்கொள்வதைப் பார்த்தால் இப்போது எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த வார்டில் என்னைப் போன்ற கால்கள் நிறைய இருந்தன. எதிர்க் கட்டிலில் பெரகல பக்கத்திலிருந்து வந்த ஒரு கடைக்காரர். சப்பாத்துக்குள் ஆணி ஏறியிருந்ததை அறியாமல் ஒரு நாள் முழுவதும் கடையில் நின்று வியாபாரம் பார்த்தவர். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களக் கிராமத்துப் பெரியவர்; குளிருக்கு அடுப்பருகே காலை நீட்டிப் படுத்தவர். மொழியும் சமயமும் வேறு வேறு. கட்டுப் போட்ட கால்கள் மட்டும் ஒரே சாயலில் நீண்டு கிடந்தன.

சிவப்பு கோட்டில் நின்றது. பிறகு, ஓர் அதிகாலையில், கோட்டைக் கடந்து விரற்கடை அளவு மேலே ஏறியிருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டுப் போர்வையால் மூடினாள். மூடினால் இல்லாமற்போகும் என்பது போல். டாக்டர் வந்ததும் அவளே போர்வையை விலக்கினாள்.

புண்ணிலிருந்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பியதன் முடிவு அன்றுதான் வந்தது. வழக்கமாகக் கொடுக்கும் மருந்துக்கு அந்தக் கிருமி மசியவில்லை.

“கடையிலை வாங்கி ஏதும் குடிச்சனீங்களோ?” என்று டாக்டர் கேட்டார்.

“நாந்தான் வாங்கிக் குடுத்தேன்” என்றாள் மனைவி. “ரெண்டு நாளைக்கு. நாத்தம் கொறஞ்சிச்சு, விட்டுட்டோம்.”

“உங்களைக் குறை சொல்லேல்லை அம்மா. நீங்கள் ஒராள் ரெண்டு நாள் குடிச்சு வந்ததில்லை இது. எல்லாரும், எல்லா ஊரிலும், இப்பிடி அரைகுறையாய்க் குடிச்சுக் குடிச்சு, கிருமியும் மருந்தைப் பழகிட்டுது. எங்களிட்டை மிஞ்சி இருக்கிற நல்ல மருந்துகள் கொஞ்சம்தான். அதிலை ஒண்டைத் தாறன். இது ஏறும்வரை பாப்பம்.”

கண்ணுக்குத் தெரியாத அத்துணை சிறிய உயிர் ஒன்று, தன்னைக் கொல்ல வந்ததைக் கற்றுக்கொண்டு பிழைக்கிறது. அதற்கும் ஒரு படைத்தவன்தான். அந்த எண்ணத்தில் எனக்கு ஆறுதல் இல்லை. ஆனால் தலை தானாகத் தாழ்ந்தது. ஊசி வழியே மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. நான் வாய்க்குள் பாடினேன். எதைக் கேட்டுப் பாடுவது என்று தெரியாமல், எதையும் கேட்காத பாடல்களாகத் தேர்ந்து பாடினேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் தம் மகளிடம் ஏதோ சொல்ல, அந்தப் பெண் வந்து, “தாத்தா, கொஞ்சம் சத்தமா பாடச் சொல்றாரு அப்பா” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். பாடினேன். தாதி வந்து, “இது வார்ட், கோயில் இல்ல” என்று அதட்டிவிட்டு, பாட்டு முடியும் வரை வாசலிலேயே நின்றாள்.

சிவப்பு மறுநாளும் அங்கேயே நின்றது. அதற்கடுத்த நாள் கோட்டின் மேல் வந்து படிந்தது. பின்னர் கோட்டுக்கும் சிவப்புக்கும் இடையே மெல்லிய ஒரு கீற்றாக என் இயல்பான தோல் தெரிந்தது. டாக்டர் புதிதாக ஒரு கோடு போட்டார், பழையதற்குக் கீழே. அந்தக் கீற்றைப் போல் அழகான ஒன்றை நான் எந்தச் சந்நிதியிலும் கண்டதில்லை என்று சொன்னால் என் தாய் கோபிக்க மாட்டாள்.

சிறுவிரல் போயிற்று. எலும்புவரை கெட்டிருந்ததால் எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் தங்கியது. புண் மூட மாதங்கள் ஆயின. அந்தக் காலை ஊன்றவே கூடாது என்பதால் கைத்தடிகளோடு லயத்தின் முற்றத்தில் தத்தித் திரிந்தேன். “மாஸ்டர் நொண்டி வெளாட்டுல பிள்ளைங்கள தோக்கடிச்சிருவாரு” என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள்.

புண் மூடிய அன்று டாக்டர் இரண்டு கட்டளைகள் இட்டார். நாள்தோறும் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடியைக் கீழே வைத்து இரண்டு உள்ளங்கால்களையும் பார்க்க வேண்டும். இது முதலாவது. மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு இல்லாமல் ஓர் அடியும் எடுத்துவைக்கக் கூடாது. இது இரண்டாவது. வீட்டுக்குள்ளும் கூடாது.

“கோயிலுக்குள்ள?” என்றேன்.

“கோயிலுக்குள்ளையும்தான். மத்தியானத்திலை அந்தக் கல்லுச் சூடு போதும், திரும்ப இங்கை வாறதுக்கு.”

“கோயிலுக்குள்ள செருப்போட எப்பிடிங்க போறது?”

“அது எனக்குத் தெரியாது ஐயா. நீங்கள்தானே பாட்டெல்லாம் படிச்சனீங்கள். யோசியுங்கோ.”

நான் யோசித்து ஒரு வழியும் காணவில்லை. வெளியே நின்றே பாடிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்று பாடத் தொடங்கியதும் பூசாரி வெளியே வந்தார்.

“என்னா மாஸ்டர் வெளிய நின்னுட்டீங்க? உள்ள வாங்க.”

செருப்பைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. “ஆத்தா முன்னால செருப்போடயா? அது எப்பிடிங்க?”

என் மனைவி குறுக்கிட்டாள். “ஏன் பூசாரி, ஆத்தா சிங்கத்து மேல உக்காந்திருக்காளே, அந்தச் சிங்கம் கால் கழுவிக்கிட்டா உள்ள வந்துச்சு?”

பூசாரி சிரித்துவிட்டார். சிரித்தபின் அவரால் கண்டிப்பாக இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “ஒண்ணு செய்வோம். புதுசா ஒரு சோடி. வெளிய மண்ணு படாத சோடி. அது கோயிலோட இருக்கட்டும். ஆத்தாவோட வெளக்கு மாதிரி, மணி மாதிரி, அதுவும் கோயில் சாமான். வாசல்ல ஸ்டூல் போடுறேன். இதக் கழட்டி அத மாட்டிக்கிட்டு வாங்க.”

டாக்டரிடம் சொன்னதும் அதே ரப்பர் வைத்த இன்னொரு சோடி செய்வித்துத் தந்தார். பூசாரி அதற்கு மஞ்சள் நீர் தெளித்து, மடப்பள்ளியில் மஞ்சள் துணியில் சுற்றிவைத்தார். முதல் நாள் நான் ஸ்டூலில் உட்கார்ந்தபோது, கால் தரையில் படக் கூடாதென்று அவரே குனிந்து மாட்டிவிட்டார். குனிந்தவர் நிமிராமல், “மாஸ்டர், அந்த நூல வச்சிப் பாப்பாங்களாமே, அது எனக்கும் பாப்பாங்களா? எனக்கும் சீனி இருக்குல்ல” என்று மெதுவாகக் கேட்டார்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு எல்லா இடத்திலும் உணர்ச்சி இருந்தது. “பத்து எடத்துலயும் ஓம் ஓம்னு சொன்னேன். டாக்டரம்மாவே அசந்துட்டாங்க” என்று தொழிற்சாலை முழுவதும் சொல்லித் திரிந்தார். அடுத்த காப்புக் கட்டுக்கு முன் ஒலிபெருக்கியில் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். சீனி உள்ளவர்கள் கிளினிக்கில் காலைக் காட்டிவிட்டு வந்தால்தான் பூக்குழிக்குக் காப்புக் கட்டுவாராம். சிலர் முணுமுணுத்தார்கள். பலர் போனார்கள். காட்டிய கால்களில் சிலவற்றுக்குத் தொட்டது தெரியவில்லை. அவர்கள் அந்த ஆண்டு பால்குடம் எடுத்தார்கள், செருப்போடு.

என்னைக் கேட்டால், அந்த நாட்களில் நான் மிகவும் கற்றது அந்தக் கண்ணாடியிடம்தான். மாலையில் விளக்கு வைக்கும் முன், மனைவி ஜன்னலருகே அதை வைப்பாள். நான் ஒவ்வொரு காலாக நீட்டுவேன். என் கால் எனக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டது. நானே போய் நலம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. முதலில் அருவருப்பாக இருந்தது. விரல் போன இடத்தின் தழும்பு, வெடித்த குதிகால், மஞ்சள் பாய்ந்த நகங்கள். நாள்பட நாள்பட அந்தக் கோடுகளும் மேடுகளும் எனக்குப் பாடமாகிவிட்டன. இந்த எடையை இத்தனை மலைகளில் ஏற்றி இறக்கியவை இவையல்லவா என்ற எண்ணம் வரும்போது கையால் அவற்றைத் தடவிக்கொடுப்பேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. கண்ணாடியில் இடது பாதத்தின் நடுவே ஒரு கரும்புள்ளியைக் கண்டேன். அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். போகவில்லை. மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். “குச்சிங்க” என்றாள். செருப்பை எடுத்துப் பார்த்தோம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலை வழியே வந்திருந்தேன். ஒரு தேயிலைக் குச்சியின் கூரிய முனை செருப்பின் பக்கவாட்டில் நுழைந்து முறிந்து, மீதி என் காலில் இருந்தது. எவ்வளவு நேரம் அதன்மேல் நடந்தேனோ தெரியாது.

மஞ்சளைத் தேடவில்லை. அலுமாரித் தட்டைத் திறக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸிலேயே பதுளைக்குப் போனோம்.

டாக்டருக்கு அன்று நல்ல கூட்டம். புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர்கள் சிலர் அவரைச் சுற்றி நின்றார்கள். என் காலை மடியில் எடுத்துவைத்து, குச்சியை இடுக்கியால் பிடித்து இழுத்தார். அரைவிரல் நீளம் வந்தது.

“எப்ப குத்தினது ஐயா?”

“நேத்து பின்னேரமா இருக்கணும்.”

“நேற்றோ?” அவர் நிமிர்ந்தார். “நொந்ததோ?”

“நோகல டாக்டரம்மா. பாத்தேன்.”

அவர் குச்சியைத் தட்டில் வைத்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “கேட்டனீங்களே?” என்றார். என் பக்கம் திரும்பி, “ஐயா, இவையளுக்கு இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றார். அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது; எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன். இளம் டாக்டர் ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து இழையை எடுத்து, அடுத்த நாற்காலியில் இருந்த பெண்ணின் காலடியில் முழந்தாளிட்டார்.

காயம் ஓர் உளுந்தின் அளவு. கழுவி, மருந்திட்டு, கட்டி, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். காலை நுழைக்கும் முன் செருப்பைக் கவிழ்த்து இரண்டு முறை தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மாட்டிக்கொண்டு எழுந்தேன்.